பையில் ஒரு பேனாக்கத்தி: முதல் கத்தியிலிருந்து சின்ன சேகரிப்பு வரை

பார்சல் மேல் ஒட்டிய டேப்பைப் பல்லால் கடிப்பது, சாவியால் குத்திக் கிழிப்பது, அதுவும் முடியாமல் சமையலறைக் கத்தியைத் தேடி ஓடுவது. மூன்றையும் வருடக்கணக்கில் செய்தவன்தான் நான். இப்போது பேன்ட் பையில் எப்போதும் ஒரு பேனாக்கத்தி கிடக்கிறது. அலமாரியில் இன்னும் பதினொன்று. அதில் நான்கை வாங்காமலே இருந்திருக்கலாம். அந்த நான்கின் செலவு உங்களுக்கும் வரக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இறகுப் பேனாவின் நுனியைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்தி என்பதால் அது பேனாக்கத்தி. இறகு போயிற்று, மைக்கூடும் போயிற்று, கத்தி மட்டும் பையிலேயே தங்கிவிட்டது. இங்கே பேசப்போவது அந்தப் பழைய ரகத்தைத்தான்: நகத்தால் இழுத்துத் திறப்பவை, மரமோ எலும்போ கொம்போ பிடியாகப் போட்டவை. பொத்தானை அமுக்கினால் பாய்ந்து திறக்கும் கத்திகள் இந்தக் கணக்கில் வராது.

படி 1: சட்டம் முதலில், கத்தி பிறகு

ஊருக்கு ஊர் விதி மாறும். மாறுவது நீளம் மட்டுமல்ல. பிரிட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். மடங்கக்கூடிய, பூட்டு இல்லாத, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு (7.62 செ.மீ.) மிகாத கத்தியைக் காரணம் சொல்லாமலே பையில் வைத்துக்கொள்ளலாம். அதே நீளத்தில், திறந்தபின் பூட்டிக்கொள்ளும் கத்தி என்றால் பொது இடத்தில் தகுந்த காரணம் காட்ட வேண்டும். ஆக, நீங்கள் இருக்கும் இடத்தில் நீளம், பூட்டு, திறக்கும் விதம் ஆகிய மூன்றைப் பற்றியும் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். பள்ளி, நீதிமன்றம் போகும் நாளில் கத்தி வீட்டில் இருக்கட்டும். விமானப் பயணம் என்றால் சரக்கில் போகும் பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் வேண்டாம். ‘தற்காப்புக்கு’ என்று நினைத்து வாங்குகிறவர் இந்தப் பதிவை இங்கேயே மூடிவிடலாம். இவை பழம் நறுக்க, கயிறு அறுக்க, பென்சில் சீவ உள்ளவை.

படி 2: கத்தி எப்படி வேலை செய்கிறது

பிடியின் முதுகுப் பக்கம் நீளமாக ஓர் எஃகுப் பட்டை ஓடும். அதுதான் வில். பிளேடின் அடிக்கட்டையை, அதாவது பிடிக்குள் மூட்டோடு சேர்ந்திருக்கும் அடிப்பகுதியை, அது எப்போதும் அழுத்திக்கொண்டே இருக்கும். திறந்த நிலையில் அடிக்கட்டையின் தட்டையான பக்கம் வில்லின் மேல் உட்கார்ந்துவிடுவதால் பிளேடு நிற்கிறது. கவனியுங்கள், நிற்கிறது, அவ்வளவுதான். பூட்டிக்கொள்ளவில்லை. முதுகுப் பக்கம் போதுமான அழுத்தம் விழுந்தால் பிளேடு மடங்கி விரலுக்கு வரும். அதனால் இந்தக் கத்தியால் எதையும் குத்தித் துளைக்கக் கூடாது. விசை எப்போதும் வாய்ப் பக்கமே, அதாவது வெட்டும் விளிம்பின் பக்கமே, போக வேண்டும்.

சில கத்திகள் பாதி வழியில், செங்கோணத்தில், ‘டக்’கென்று ஒருமுறை நிற்கும். அடிக்கட்டையைச் சதுரமாக வெட்டியிருந்தால் அப்படி. ஆரம்பத்தில் இருப்பவர்களுக்கு இது ஒரு வரம். மூடும்போது விரலை எடுக்க ஒரு கணம் கிடைக்கிறது.

வில்லே இல்லாத ரகமும் உண்டு. ஜப்பானின் ஹிகோனோகாமி கத்தியில் ஒரு தகடு மடித்த பிடி, ஒரு பிளேடு, பின்னால் நீண்ட ஒரு சிறு நெம்பு. அவ்வளவே. வெட்டும்போது அந்த நெம்பைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வதுதான் அதன் பூட்டு. அழகான சாமான்தான், ஆனால் முதல் கத்தியாக வேண்டாம்.

படி 3: முதல் கத்தியைத் தேர்ந்தெடுப்பது

ஒரே பிளேடு அல்லது அதிகம் போனால் இரண்டு. பிளேடு நீளம் 6 முதல் 8 செ.மீ. புதிதாக வாங்குங்கள், பழைய கத்தி இப்போது வேண்டாம். இதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை, ஆனாலும் எல்லோரும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள், நானும் யோசித்தேன்.

சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் பலரும் அறிந்தது. 1884இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறை, 1891இல் சுவிஸ் ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தது. அவர் தாயின் பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காத எஃகுக்கு ‘இனாக்ஸ்’ என்று பெயர். இரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய பெயர். கவலையில்லாத கத்தி. நனைந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

எனக்கு நெருக்கம் ஒபினெல். பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசஃப் ஒபினெல் செய்யத் தொடங்கிய விவசாயக் கத்தி. மரப்பிடி, ஒரு பிளேடு. 1955இல் கழுத்தில் சுழலும் வளையம் ஒன்று சேர்த்தார்கள். திறந்தபின் அதைத் திருப்பினால் பிளேடு அசையாது. (பிரிட்டன் விதி நினைவிருக்கிறதா? அந்த வளையமும் பூட்டுதான்.) 7ஆம் எண் கத்தியின் பிளேடு 8 செ.மீ., பைக்குச் சரியான அளவு. ஒரு குறை உண்டு: ஈரம் பட்டால் மரம் உப்பி, பிளேடு உள்ளே சிக்கிக்கொள்ளும். நகம் உடைய இழுக்காதீர்கள். வளையம் பூட்டாத நிலையில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிடியின் வால்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டுங்கள். பிளேடு தானே தலை நீட்டும். சவோய்க்காரர்கள் காலங்காலமாகச் செய்யும் வேலை இது.

எஃகில் இரண்டு வகை: கார்பன் எஃகு, துருப்பிடிக்காத எஃகு. கார்பன் எஃகு சீக்கிரம் கூர் ஏறும், சீக்கிரம் துருவும் பிடிக்கும். அதில் எலுமிச்சை ஒன்றை நறுக்கிப் பாருங்கள், சாறு பட்ட இடம் சிறிது நேரத்திலேயே சாம்பலாக மங்கும். அது அழுக்கல்ல, தேய்த்து எடுக்காதீர்கள். நாளடைவில் நீலமும் சாம்பலுமாகப் படரும் அந்தப் படலம் செந்துருவை ஓரளவு தடுக்கும். உங்களுக்குக் கழுவித் துடைக்கும் பழக்கம் உண்டென்றால் கார்பன், இல்லையென்றால் மற்றது.

படி 4: திறப்பதும் மூடுவதும்

காயம் பெரும்பாலும் மூடும்போதுதான் வரும். திறக்க, கட்டைவிரல் நகத்தை நகக்குழியில் (பிளேடின் பக்கவாட்டில் நகம் மாட்ட வெட்டிய பள்ளம்) வைத்துப் பிடியின் பக்கவாட்டை மற்றக் கையால் பிடியுங்கள். பிளேடு உட்காரும் பள்ளத்தின் மேல் எந்த விரலும் வரக்கூடாது. மூட, பிளேடின் முதுகை மேலிருந்து கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்து மெதுவாக மடக்குங்கள். பாதி தாண்டியதும் வில் பிளேடைத் தன் பக்கம் இழுக்கும், கடைசியில் ‘சட்’டென்று விழும். அந்த இழுப்பு எங்கே தொடங்குகிறது என்று கை கண்டுபிடிக்கும்வரை, உட்கார்ந்த இடத்தில், பேச்சுத் துணை இல்லாமல், ஒரு முப்பது தடவை பழகுங்கள். டிவி பார்த்துக்கொண்டே பழகிய என் இடது ஆள்காட்டி விரலில் இன்னும் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது.

படி 5: மூன்று மாதம், ஒரே கத்தி

இதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது. முதல் கத்தியை மூன்று மாதம் தினமும் சுமக்காமல் இரண்டாவதை வாங்காதீர்கள். பையில் உறுத்துகிறதா, பிடி கைக்குக் குட்டையா, இரண்டாவது பிளேடைத் தொட்டதே இல்லையா, இதெல்லாம் சுமந்தால்தான் தெரியும். நான் வீணாக்கிய நான்கில் மூன்று, படத்தைப் பார்த்து மயங்கி வாங்கிய மூன்று பிளேடு கத்திகள். பார்க்க அம்சம், பையில் போட்டால் கூழாங்கல்.

சுமக்கும்போது சாவி, சில்லறையோடு சேர்த்துப் போடாதீர்கள், பிடியும் அதன் முனையிலுள்ள உலோகப் பூணும் கீறிவிடும். மெல்லிய தோல் உறை போதும். ஆனால் இரவில் உறையிலிருந்து எடுத்துவிடுங்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பையிலுள்ள பஞ்சுத் தூசி வில்லுக்குள் போய் அடைந்துகொள்ளும். வாரம் ஒருமுறை பல்குச்சியால் கிளறி எடுத்து, மூட்டில் ஒரு சொட்டு மினரல் ஆயில் விட்டுச் சிலமுறை திறந்து மூடுங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசினாகி மூட்டைப் பிடித்துக்கொள்ளும்.

படி 6: தீட்டுவது

1000 எண் (கல்லின் நுண்மையைக் குறிக்கும் எண்) சாணைக்கல் ஒன்று போதும். கல்லை நனைத்து, ஈரத்துணி மேல் நகராமல் வையுங்கள். கோணம் 15இலிருந்து 20 பாகைக்குள். பாகைமானி தேவையில்லை. பிளேடின் அகலம் 15 மில்லிமீட்டர் என்றால், அதன் முதுகு கல்லிலிருந்து 4 முதல் 5 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தால் கோணம் சரி. கல்லிலிருந்து மெல்லிய சீவல் எடுக்கப்போவதுபோல், வாய் முன்னால் போகத் தள்ளுங்கள். பலம் வேண்டாம், கத்தியின் எடையும் விரலின் எடையும் போதும்.

ஒரே பக்கத்தைத் தீட்டிக்கொண்டே இருந்தால் எதிர்ப்பக்கம் நூலிழை போல ஒரு பிசிர் எழும். முதுகிலிருந்து வாயை நோக்கி விரல் நுனியை வெளிப்பக்கமாக வழித்தால் சொரசொரவென்று தட்டும். வாயின் முழு நீளத்துக்கும் அது வந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பலருக்குக் கூர் வராததற்குக் காரணம் இதுதான், பிசிர் எழும் முன்பே கத்தியைத் திருப்பிவிடுகிறார்கள். இரண்டாவது பக்கமும் பிசிர் எழுந்ததும், பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி, அழுத்தமே இல்லாமல் பத்துத் தடவை. கடைசியாகத் தோல்பட்டையிலோ பலகை மேல் விரித்த செய்தித்தாளிலோ, வாய் பின்னால் வர இழுத்து வழியுங்கள். தாளின் ஓரத்தில் வைத்தால் ‘ஸ்ஸ்’ என்று இறங்க வேண்டும். தட்டித் தட்டிக் கிழித்தால் எங்கோ பிசிர் மிச்சமிருக்கிறது.

படி 7: சேகரிப்பாக மாறும்போது

மூன்று மாதம் ஆயிற்று, ஆசை அடங்கவில்லை. சரி. கண்ணில் பட்டதை எல்லாம் வாங்காமல் ஒரு நூலைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஒரே வடிவம், அல்லது ஒரே பிடிப்பொருள், அல்லது ஒரே தயாரிப்பாளர். என் நூல் கொம்புப்பிடி. அதில் இரண்டு ஒரே நிறத்தில் அமைவதில்லை.

பழைய கத்தி வாங்கும்போது முதலில் அடிக்கட்டையில் உள்ள முத்திரையைப் படியுங்கள். அமெரிக்காவின் கேஸ் என்ற தயாரிப்பாளரின் கத்திகளில் 6254 என்று இருந்தால், முதல் இலக்கமான 6 எலும்புப் பிடி, 2 என்பது பிளேடுகளின் எண்ணிக்கை, 54 என்பது டிராப்பர் என்ற வடிவம். 1970 முதல் அந்த முத்திரையில் பத்துப் புள்ளிகள் வைத்து, வருடத்துக்கு ஒரு புள்ளியாகக் குறைத்தார்கள். எழுபதுகளில் செய்த கத்தி என்றால் புள்ளியை எண்ணியே பிறந்த வருடத்தைச் சொல்லிவிடலாம்.

பிறகு கத்தியைத் திறந்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வில்லுக்கும் பிடித்தகட்டுக்கும் (பிடியின் உள்பக்கம் உள்ள உலோகத் தகடு) நடுவே வெளிச்சக் கீற்று தெரிகிறதா? பிளேடைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடுகிறதா? மூடினால் நுனி பிடிக்கு வெளியே எட்டிப் பார்க்கிறதா? கடைசியது இருந்தால் விட்டுவிடுங்கள், பையைக் கிழிக்கும், தொடையையும் கிழிக்கும். நகக்குழிக்கும் வாய்க்கும் நடுவே இடம் மிகக் குறைவாக இருந்தால் தீட்டித் தீட்டித் தேய்ந்த பிளேடு. கண்ணாடிபோல் மின்னும் ‘பழைய’ கத்தியைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். இயந்திரத்தில் மெருகேற்றியவர்கள் முத்திரையையும் பாதி அழித்திருப்பார்கள்.

என் நான்காவது வீண் செலவு இந்த இடத்தில்தான் வந்தது. தேன் நிறத்தில், ஒளி ஊடுருவும் பிடியோடு ஒரு பழைய கத்தி. செல்லுலாய்டு (பழைய கால பிளாஸ்டிக்) பிடி என்று தெரிந்துதான் வாங்கினேன். மற்றக் கத்திகளோடு இறுக மூடும் தகர டப்பாவில் வைத்தேன். பழைய செல்லுலாய்டு சிதையும்போது அமில வாயு விடும், அது பக்கத்திலுள்ள எஃகையெல்லாம் அரிக்கும் என்பது அப்போது தெரியாது. ஒரு மழைக்காலம் கழித்துத் திறந்தபோது புளித்த வாடை. பக்கத்தில் கிடந்த இரண்டு கத்திகளின் பிளேடுகள் செங்கல் நிறத்தில் பூத்திருந்தன. ஒன்றைத் தேய்த்து மீட்டேன், மற்றதில் குழிகள் தங்கிவிட்டன.

இப்போது கத்திகள் எண்ணெய் தடவி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு துணி விரித்த இழுப்பறையில் கிடக்கின்றன. அந்தத் தேன் நிறக் கத்தி மட்டும் வேறு அறையில், அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாத இடத்தில், மூடியில்லாத ஒரு அட்டைப்பெட்டியில் தனியாக இருக்கிறது.