ஐந்து வயதில் துப்பறியும் கதை: கதவு வைத்த படப்புத்தகம் செய்யும் முறை

ஷெர்லாக் ஹோம்ஸ் கதையை ஐந்து வயதுக் குழந்தைக்கு வாசித்துக் காட்டினால் இரண்டாவது பக்கத்திலேயே எழுந்து ஓடிவிடும். அதே கதையிலிருந்து ஒரு பழைய தொப்பியை மட்டும் வரைந்து, "இந்தத் தொப்பிக்காரர் யாரு, கண்டுபிடி பார்ப்போம்" என்று நீட்டினால் இடத்தைவிட்டு நகராது. படத்தின் மேல் ஒட்டிய தாளைக் கதவுபோலத் தூக்கித் தடயம் தேடும் அப்படி ஒரு புத்தகம் செய்வது பற்றித்தான் இந்தப் பதிவு. வரையத் தெரியாதவர்களும் செய்யலாம். குச்சி மனிதர்கள் போதும்.

1. கதை

கொலை வேண்டாம். அதை எடுத்துவிட்டாலும் நல்ல கதைகள் நிறைய மிஞ்சும். ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயலின் 'நீல ரத்தினக் கல்' (1892) என் முதல் தேர்வு: தெருவில் கிடந்த தொப்பி, வாத்து, வாத்துக்குள் வைரம்போல மின்னும் திருட்டுக் கல். அவருடைய 'செந்தலையர் சங்கம்' (1891) கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. எட்கர் ஆலன் போவின் 'திருடப்பட்ட கடிதம்' (1844) கதையில் கடிதம் எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே இருக்கும். ஆகவே வார்த்தையே இல்லாமல் படமாகச் செய்யலாம்.

நான்கு வயது என்றால் செஸ்டர்டனின் 'நீலச் சிலுவை' (1910). ஒரு பாதிரியார் போகிற வழியெல்லாம் வேண்டுமென்றே கோளாறு செய்துகொண்டே போவார். சர்க்கரைக் கிண்ணத்தில் உப்பு, சுவரில் சூப், ஆரஞ்சுக் குவியலில் கொட்டைப் பருப்பின் விலைச்சீட்டு. 'இந்தப் படத்தில் என்ன தப்பு?' என்று கேட்க இதைவிட நல்ல கதை எனக்குத் தெரிந்து இல்லை.

2. கதையைப் பின்னாலிருந்து பிரிப்பது

கடைசிப் பக்கத்தை முதலில் எழுதுங்கள். நீலக் கல் கதையில் அது இதுதான்: திருடன் கல்லை ஒரு வாத்தின் வாயில் திணித்து விழுங்க வைக்கிறான், வாலில் பட்டை போட்ட வாத்துகள் இரண்டு இருந்ததால், வேறொன்றைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். இது குழந்தைக்குப் புரிய என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று பின்னோக்கிப் போங்கள். வாத்துப் பண்ணை, சந்தை வியாபாரி, தொப்பி, தெருச் சண்டை. ஆறு படங்களுக்கு மேல் போனால் நூல் அறுந்துவிடும். விடுதி, பத்திரிகை விளம்பரம் எல்லாவற்றையும் நான் வெட்டிவிட்டேன்.

(மூலக்கதையில் கல் வாத்தின் தொண்டைப் பையில் இருக்கும். கோழிக்கு இருப்பதுபோல வாத்துக்கு அப்படித் தனிப் பை கிடையாது என்று வாசகர்கள் டாயலை இன்றும் கிண்டல் செய்கிறார்கள். நீங்கள் வயிற்றிலேயே வரையுங்கள்.)

3. கதவுக்குப் பின்னால் என்ன வைப்பது

இங்கேதான் எனக்கு ரொம்ப நாள் பிடிபடவில்லை. கதவு என்பது படத்தின் மேல் ஒட்டி, தூக்கிப் பார்க்கும் தாள். அதற்குப் பின்னால் விடையை வைத்தால் குழந்தை யோசிக்காது, தூக்கும். அவ்வளவுதான். முதல் வாசிப்போடு புத்தகம் முடிந்துபோகும்.

கதவுக்குப் பின்னால் தடயம் மட்டும் இருக்க வேண்டும். தொப்பியைத் தூக்கினால் உள்ளே பொடிப்பொடியாக முடித் துணுக்குகள், பழுப்பு நிறத் தூசி, சில மெழுகுச் சொட்டுகள். "இவர் முடி வெட்டிக்கொண்டார்" என்று அங்கே எழுதக்கூடாது. அதைக் குழந்தை சொல்லட்டும். அடுத்த பக்கத்தில் ஹோம்ஸ் சொல்வார்: அண்மையில் முடி வெட்டியவர், தொப்பியை வீட்டிலேயே மாட்டி வைத்திருந்தவர், வீட்டில் கேஸ் விளக்கு இல்லாததால் மெழுகுவர்த்தியோடு மாடிப்படி ஏறுபவர். (தலை பெரிதாக இருப்பதால் அறிவாளி என்றும் ஹோம்ஸ் சொல்வார். அது அபத்தம், விட்டுவிடுங்கள்.)

அடுத்த தொல்லை: ஒரு பக்கத்தில் நான்கு கதவு இருந்தால் நான்கையும் ஒரே மூச்சில் திறந்துவிடுவார்கள். ஆகவே பக்கத்துக்கு ஒரு கதவு. அதிலும் ஒரு தாழ்ப்பாள்: கதவின் நுனியில் சின்ன நாக்கு விட்டு, பக்கத்தில் கீறிய பிளவில் செருகுங்கள். அதை எடுக்க ஆகும் நேரத்தில் "உள்ளே என்ன இருக்கும்னு நினைக்கிறே?" என்று கேட்டுவிடலாம்.

பட்டை வால் வாத்துகள் இரண்டையும் பண்ணைப் படத்திலேயே காட்டிவிடுங்கள். ஒளித்து வைத்துக் கடைசியில் சொன்னால் ஏமாற்று வேலை. இரண்டாம் முறை வாசிக்கும்போது "இங்கேயே இருக்கே!" என்று கத்த வேண்டும்.

4. ஒட்டுவது

பக்கத்துக்கு 200 முதல் 250 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) அட்டை, கதவுக்கு அதைவிடக் கொஞ்சம் மெல்லியது. கதவை, அது மறைக்கும் படத்தைவிட ஒவ்வொரு பக்கமும் அரை சென்டிமீட்டர் பெரிதாக வெட்டி, மேலே 1 செ.மீ. ஒட்டுவதற்கு விடுங்கள். மடிப்புக் கோட்டை மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் அழுத்திக் கீறிவிட்டு மடித்தால் நேராக வரும். திரவப் பசை தாளைச் சுருக்கும், குச்சிப் பசைதான். ஸ்கெட்ச் பேனா பின்பக்கம் ஊறித் தடயத்தைக் காட்டிக்கொடுக்கும், கலர் பென்சில்தான். கதவு சேரச் சேரப் புத்தகம் உப்பும் என்பதால் ஸ்பைரல் பைண்டிங் நல்லது.

டேப்லட்டில் ஸ்லைடாகச் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் திரையில் பிள்ளைகள் கண்ட இடத்தையெல்லாம் தட்டிக்கொண்டே போவார்கள். எனக்குத் தாள்தான்.

5. மாயக் கண்ணாடி

வெளிர் நீலப் பென்சிலால் ஒரு சொல் எழுதி, மேலே சிவப்பு, ஆரஞ்சு நிறங்களால் கிறுக்குங்கள். வட்ட அட்டையில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டிப் பூதக்கண்ணாடி செய்து கொடுங்கள். அதன் வழியே பார்த்தால் வெள்ளைத் தாளே சிவப்பாகி, கிறுக்கல் அதில் கரைந்துவிடும். நீலம் மட்டும் இருட்டாகத் தெரியும்.

பின்சேர்க்கை

கண்ணாடி வேலை செய்யவில்லை என்று சிலர் பின்னூட்டத்தில் எழுதியிருந்தார்கள். அடர் நீலம் பயன்படுத்தியிருப்பீர்கள். அது வெறும் கண்ணுக்கே தெரியும். வெளிர் நீலம் எடுத்தும் மங்கலாக இருந்தால் கண்ணாடித் தாளை இரண்டாக மடியுங்கள்.

மூத்த பிள்ளை விடையைச் சொல்லிக் கெடுக்கிறது என்று இன்னொரு கேள்வி. அதை, ஹோம்ஸ் செய்வதையெல்லாம் எழுதிவைக்கும் நண்பர் வாட்சன் ஆக்குங்கள். ஒரு நோட்டைக் கொடுத்து, சின்னவர் சொல்வதை மட்டும் எழுத வேண்டும், தானாக எதுவும் சொல்லக்கூடாது என்று விதி. சில நாள் கழித்து இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம்.

நீலக் கல் கதையின் முடிவில் ஹோம்ஸ் திருடனைப் போலீஸிடம் கொடுக்காமல் விட்டுவிடுவார். "ஏன் விட்டாரு?" என்று கட்டாயம் கேட்பார்கள். மூலத்தில் அவர் சொல்லும் காரணம் இதுதான்: ஜெயிலுக்கு அனுப்பினால் காலத்துக்கும் ஜெயில் பறவை ஆகிவிடுவான், இப்போது பயந்து போயிருப்பதால் இனி தப்புச் செய்யமாட்டான். இதை மாற்றாமல் அப்படியே சொல்லிவிட்டு, அவர்கள் வாதாடட்டும் என்று விட்டுவிடுங்கள்.