ஜிகர்தண்டா கியாஸ்க் போடப் போகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

மால், பெட்ரோல் பங்க், ஜவுளிக்கடை வாசல் என்று எங்கு பார்த்தாலும் திறந்த கியாஸ்க்தான். பத்தடிக்கு எட்டடி இடம் கிடைத்தால் ரோஸ்மில்க், ஜிகர்தண்டா, ஃபலூடா என்று கடை போட்டுவிடலாம். ஆனால் பெரும்பாலானோர் முதலில் கேட்பது கம்ப்யூட்டரில் போட்ட அழகான படத்தை. போர்டு, லைட், கலர் எல்லாம் முடிவான பிறகுதான் ஃப்ரீசரை எங்கே வைப்பது என்ற பேச்சே வருகிறது. மற்ற தவறுகளில் பாதிக்கு வேர் இதுதான்.

ஜிகர்தண்டா போடுகிறவரின் கையைக் கொஞ்ச நேரம் கவனியுங்கள். டம்ளரில் ஊறிய பாதாம் பிசின், அதன்மேல் நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சிக் குளிரவைத்த பால், பாசுந்தி, கடைசியாக ஒரு கரண்டி ஐஸ்கிரீம். சாமான்களும் இதே வரிசையில் இருந்தால் நின்ற இடத்திலிருந்தே டம்ளரை நீட்டிவிடலாம். பிசின் ஒரு மூலை, ஐஸ்கிரீம் எதிர்மூலை என்றால் டம்ளருக்கு ஒரு பிரதட்சணம். ஆசாரியைக் கூப்பிடும் முன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, காலி டம்ளரை வைத்து மாஸ்டரை ஒருமுறை செய்து காட்டச் சொல்லுங்கள். ஒருவர் நின்று வேலை பார்க்க மூன்றடி வேண்டும். முதுகுக்குப் பின்னால் இன்னொருவரும் போய்வர வேண்டும் என்றால் மொத்தம் நாலடியாவது வேண்டும். இதைக் குறைத்தால் கூட்ட நேரத்தில் பால் கீழேதான்.

மேல்பக்கம் திறக்கும் ஃப்ரீசரை வாங்கிக் கவுண்டருக்கு அடியில் தள்ளுவது இன்னொரு வழக்கமான கூத்து. மூடி பலகையில் இடிக்கும். கவுண்டருக்கு அடியில்தான் வேண்டும் என்றால் முன்பக்கம் திறப்பதாக வாங்குங்கள். சூடு எந்தப் பக்கம் வெளியேறுகிறது என்றும் கேளுங்கள். அந்தப் பக்கத்தைப் பலகையால் அடைத்தால் கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், கரண்ட் பில் ஏறும்.

நாலு பக்கமும் திறந்திருக்கிறதே என்று நாலு பக்கமும் விற்க வேண்டியதில்லை. ஒரு முனையில் பில், மறுமுனையில் டெலிவரி என்று வைத்தால் வரிசை தானாக நகரும். இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால், காசு கொடுத்தவர் நகரமாட்டார், கொடுக்க வந்தவர் நெருங்க முடியாது. தெருவோரக் கடை என்றால் மேற்கு வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று மதியத்துக்கு மேல் போய்ப் பார்த்துவிட்டு, பாலையும் பாசுந்தியையும் அதற்கு எதிர்ப்பக்கம் தள்ளுங்கள். டாப்பிங்ஸ் கிண்ணங்களுக்கு மூடியும் முன்னால் சாய்ந்த கண்ணாடியும் கட்டாயம். தூசியும் ஈயும் சர்க்கரையைத் தேடித்தான் வரும்.

உயரம் சின்ன விஷயம்தான், ஆனால் தினமும் இடுப்பைப் பிடிக்கும். வேலை செய்யும் மேடை மூன்றடி. வாடிக்கையாளர் பக்கம் அரையடி உயர்த்தினால் உள்ளே சிந்தியது தெரியாது. ஒரு ஓரத்தை மட்டும் இரண்டரை அடியாகத் தாழ்த்தினால் குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் எட்டும். மேடைக்கு ஸ்டீல், அதிலும் எளிதில் துருப்பிடிக்காத 304 கிரேடு. வெறும் பிளைவுட்டில் மைக்கா ஒட்டினால் ஓரத்தில் தண்ணீர் இறங்கி உப்பிவிடும்.

அப்புறம் தண்ணீர். சிங்க் போட்டுவிட்டு, அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்காதவர்கள் நிறைய. மால் நடுவில் டிரெயினேஜ் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேளுங்கள். இல்லையென்றால் கேன்தான் கதி. அழுக்குத் தண்ணீர்க் கேன், நல்ல தண்ணீர்க் கேனைவிடப் பெரிதாக இருக்கட்டும். உருகிய ஐஸும் அதில்தான் சேரும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் கப்புக்கும் ஸ்ட்ராவுக்கும் தடை இருப்பதால் கண்ணாடி டம்ளர் வைப்பவர்கள் உண்டு. அவர்கள் எச்சில் டம்ளர் திரும்பி வர, டெலிவரி முனையிலிருந்து தள்ளித் தனி இடம் ஒதுக்க வேண்டும்.

கரண்ட் விஷயத்தில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை நம்பவே நம்பாதீர்கள். ஃப்ரீசர், மிக்ஸி ஒவ்வொன்றுக்கும் தனி பிளக், ஈரம் படாத உயரத்தில். ஷாக் அடிக்காமல் காக்க, கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடும் ஆர்சிசிபி சுவிட்ச். முக்கியமாக, ஃப்ரீசர் லைனையும் லைட் லைனையும் பிரித்துவிடுங்கள். ராத்திரி கடை மூடும் பையன் மெயினை அணைத்துவிட்டுப் போனால், மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டிய ஐஸ்கிரீம் விடிவதற்குள் இளகிவிடும். காலையில் சுவிட்சைப் போட்டு மறுபடி உறையவைத்தால் நறநறவென்று ஐஸ் துகளாகத்தான் நாக்கில் படும். அதை விற்கவும் கூடாது.