ரிப்பன் மட்டும் தைத்துத் தர மாட்டேன்: பட்டாள உடையில் மரியாதை செய்ய நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூலை பிறந்தால் என் தையல் கடைக்கு ஒரு கூட்டம் வந்துவிடும். 26ஆம் தேதி கார்கில் வெற்றி நாள். மறுநாள் ராமேஸ்வரம் பேக்கரும்பில் கலாம் நினைவு நாள். அது முடிந்து மூச்சுவிடுவதற்குள் ஆகஸ்ட் 15. இந்த வாரம் சாயல்குடிப் பக்கத்திலிருந்து நான்கு பையன்கள் வந்தார்கள். அவர்கள் ஊரில் பட்டாளத்தில் இருந்து இறந்துபோன ஒருவருக்கு நினைவு நாளாம். நாற்பது பேருக்கு மிலிட்டரி டிசைனில் சட்டை, தோளில் மூன்று நட்சத்திரம், நெஞ்சில் பதக்கங்களைக் குறிக்கும் ரிப்பன் வரிசை, தலையில் மெரூன் தொப்பி வேண்டும் என்றார்கள். கைப்பேசியில் படமும் வைத்திருந்தார்கள். "அச்சு அசலாக இருக்க வேண்டும், அண்ணே" என்றான் ஒருவன்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. இருபத்து நான்கு வயதில் நானே தைத்துப் போட்டுக்கொண்ட சட்டை அது. ஒரு பட்டன்கூட மாறவில்லை.

என் கடை உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் நெடுஞ்சாலையோரம் இருக்கிறது. ஒரு பக்கம் ஐஎன்எஸ் பருந்து என்ற கடற்படை விமானத் தளம், மறுபக்கம் கடலோரக் காவல்படை நிலையம். நிஜச் சீருடைகளும் என் மேசைக்கு வரும், இடுப்பைப் பிடிக்க, காஜாவைச் சரிசெய்ய. நகல் கேட்டும் வருவார்கள். பட்டன் போடாமல் வராதீர்கள், அழுக்குச் சட்டை வேண்டாம் என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது உங்கள் அம்மா சொல்ல வேண்டியது.

நெஞ்சில் ரிப்பன்

2001ஆம் ஆண்டு. கார்கில் போரின் பேச்சு இன்னும் ஆறாத காலம். ஏர்வாடியைத் தாண்டி ஒரு கடலோர ஊரில், எல்லையில் இறந்த ஒருவருக்கு நினைவுக்கல் திறப்பு. அந்த ஊர் இளைஞர்களிடம் நானாகவே போய், எல்லோரும் பட்டாளத்து உடையில் நின்றால் எப்படி இருக்கும் என்று ஆசை காட்டினேன். மதுரையில் கடனுக்குத் துணி எடுத்து இருபத்தேழு செட் தைத்தேன். துணிக்கு மட்டும் பதினோராயிரம் ரூபாய்.

எனக்கு மட்டும் கூடுதலாக ஒரு வேலை செய்துகொண்டேன். இடதுபக்கப் பைக்கு மேலே ரிப்பன் பட்டை. ஒரு வார இதழின் வண்ணப் படத்தைப் பார்த்து, அதிலிருந்த பலவற்றில் இரண்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று சிவப்பு, நடுவில் மெல்லிய வெள்ளைக் கோடு. மற்றது வெள்ளை, நடுவில் சிவப்புக் கோடு. தையல்காரன் கண் அப்படித்தான் போகும். ஒன்றுக்கொன்று மாற்றுக் கலராக, பைப்பிங் வைத்ததுபோல் ஜோடி சேர்ந்தது. ஃபேன்சி ஸ்டோரில் சாட்டின் ரிப்பன் வாங்கி, உள்ளே தகரத் துண்டு வைத்து மடித்து, பிசிறு தெரியாமல் கையால் தைத்தேன். இன்றைக்கும் சொல்வேன், சுத்தமான வேலை.

பந்தலில் முன்வரிசையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெஞ்சில் நிஜப் பதக்கங்கள். ஓய்வுபெற்ற சுபேதார் என்று பிறகு தெரிந்தது. நான் உள்ளே நுழைந்ததும் என் நெஞ்சைப் பார்த்தார். நாற்காலியின் கையை ஊன்றி எழுந்து நின்றார். என் அப்பாவைவிட மூத்தவர், எனக்காக எழுந்து நின்றார். பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எங்கே பட்டது, தம்பி?"

"எது, ஐயா?" என்றேன்.

அந்த வெள்ளை ரிப்பனை ஒரு விரலால் தொட்டார். பிறகு வேட்டியை முழங்கால்வரை தூக்கிக் காட்டினார். இடது கெண்டைக்காலில் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குச் சதை இல்லை. "எனக்கு இங்கே. பூஞ்ச் பக்கம்."

அவர் நெஞ்சிலும் அதே வெள்ளை, அதே சிவப்புக் கோடு. காயப் பதக்கம், இந்தியில் பராக்ரம் பதக் என்பார்கள். எதிரியோடு மோதும்போது காயம்பட்டவருக்குத் தருவது. நான் ஜோடிக்காக வைத்த அந்தச் சிவப்பு, சேனா பதக்கத்துடையது. அதாவது என் சட்டையைப் படிக்கத் தெரிந்த ஒருவருக்கு, நான் பதக்கம் வாங்கிய, குண்டடி பட்ட சிப்பாய்.

"நான் தையல்காரன், ஐயா" என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இத்தனை வருடம் நினைவு வைத்திருக்க மாட்டேன். "அப்படியா" என்று சொல்லிவிட்டு மெல்லத் திரும்பிப் போய் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு கல் திறந்து முடியும்வரை என் பக்கம் பார்க்கவில்லை. நான் பந்தல் காலுக்குப் பின்னால் நின்று பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தேன். விஷயம் பரவி, மற்ற பையன்களும் சட்டையைக் கழற்றிவிட்டுப் பனியனோடு நின்றார்கள். பாதிப் பேர் காசு தரவில்லை, நானும் கேட்கவில்லை. துணிக்கடைக் கடனை அடைக்க எட்டு மாதம் ஆனது.

ஒரு மாதம் கழித்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். டீ கொடுத்தார். ரிப்பன் வரிசையை எப்படிப் படிப்பது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நெஞ்சின் நடுப்பக்கமாக இருப்பது உயர்ந்தது, கைப்பக்கம் போகப் போக வரிசையில் அடுத்தது. சியாச்சின் பனியில் இருந்ததற்கு ஒன்று. பணிக்காலத்துக்கு ஒன்பது, இருபது, முப்பது ஆண்டுகளுக்கென்று தனித்தனியாக. பட்டாளத்துக்காரர் இன்னொருவரைப் பார்த்தால் முதலில் முகத்தைப் பார்ப்பதில்லை, அந்த வரிசையைத்தான் படிக்கிறார். எங்கே இருந்தார், எவ்வளவு காலம், என்ன நடந்தது, எல்லாம் அதில் இருக்கிறது.

இப்போது பன்னிரண்டு ரிப்பன் கொண்ட செட்டாக ஆன்லைனில் கிடைக்கிறது. வாங்கிக்கொண்டு வந்து "அழகுக்குத்தானே, அண்ணே, தைத்துக் கொடுங்கள்" என்கிறார்கள். எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறுவது இந்த இடத்தில்தான். போன வருடம் ஒரு பையன் கொண்டுவந்த வரிசையைப் படித்துப் பார்த்தேன். மீசை சரியாக முளைக்காத பிள்ளை, முப்பது ஆண்டு பணியாற்றி, பனிமலையில் இருந்து, காயமும் பட்டிருக்கிறான். அதைப் படித்துக் காட்டியதும் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. வேறு கடையில் தைத்துக்கொண்டான் என்று கேள்வி.

தோளில் நட்சத்திரம்

மூன்று நட்சத்திரம் பார்க்க நன்றாக இருக்கிறது என்று எல்லோரும் மூன்றே கேட்கிறார்கள். மூன்று நட்சத்திரம் என்றால் கேப்டன். சாயல்குடிப் பையன்கள் நினைவுகூரப் போகிறவர் நாயக், கேப்டனுக்குப் பல படி கீழே உள்ள பதவி. நாயக்குக்குக் கையில் வி வடிவத்தில் இரண்டு பட்டைகள், ஹவில்தாருக்கு மூன்று. அவருடைய அம்மாவுக்கு இது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்? மகன் ஒரு பட்டையிலிருந்து இரண்டாவது பட்டைக்குப் போனபோது தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தவராக இருப்பார். நாற்பது கேப்டன்கள் வந்து அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டுமா?

படைப்பிரிவுச் சின்னமும் அப்படித்தான். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் யானை. இறந்தவர் அந்த ரெஜிமென்ட்டிலேயே இருந்திருந்தால்கூட, பேனரில் போடுங்கள், உங்கள் சட்டையில் வேண்டாம். பாராசூட் சிறப்புப் படையினரின் பலிதான் முத்திரை வேண்டும் என்று கேட்பவர்கள் 2019 உலகக் கோப்பையை நினைத்துப் பாருங்கள். தோனி பிரதேச ராணுவத்தின் பாராசூட் பிரிவில் கௌரவ லெப்டினன்ட் கர்னல். அவருடைய கையுறையில் இருந்ததற்கே, ஆட்டத்தின் விதிக்கு ஒத்துவராது என்று ஐசிசி அனுமதி மறுத்தது.

மெரூன் தொப்பி

பாராசூட் படையினர் மாதக்கணக்கில் சோதனைக் காலத்தைத் தாண்டி வாங்குவது. பஸ் ஸ்டாண்டு கடையில் கிடைக்கிறது என்பதற்காகப் போடாதீர்கள்.

எந்தப் படை என்று கேட்காமல் துணி எடுப்பது

கடற்படைக்காரர் இறுதி ஊர்வலத்துக்குக் காட்டுப் பச்சையில் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் கேளுங்கள்.

கடற்கரையில் காம்பேட் துணி

திட்டுத்திட்டாகக் காட்டு நிறம் போட்ட இந்த ராணுவத் துணி வேறு ஊரில் வெறும் துணியாக இருக்கலாம். ராமநாதபுரம் கடற்கரையில் அப்படி இல்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 'சாகர் கவச்' என்ற ஒத்திகை அவ்வப்போது நடக்கிறது. தீவிரவாதிகள்போல் வேடமிட்ட வீரர்கள் படகில் வந்து கரையேறப் பார்ப்பார்கள். மரைன் போலீஸும் கடலோரக் காவல்படையும் பிடிக்கப் பார்ப்பார்கள். அப்படி ஒரு நாளில் என் அக்காள் மகன், நான் தைத்துக் கொடுத்த மிலிட்டரி பேண்ட்டைப் போட்டுக்கொண்டு மண்டபம் பக்கம் தூண்டில் போடப் போனான். மதியம் தூண்டிலும் இல்லை, மீனும் இல்லை, சோதனைச் சாவடியில் ஆதார் அட்டை கேட்டு உட்கார வைத்திருந்தார்கள். அக்காள் இன்றுவரை அந்தப் பேண்ட்டை என் கணக்கில்தான் எழுதி வைத்திருக்கிறாள்.

2016 ஜனவரியில் பதான்கோட் விமானத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில்தான் வந்தார்கள். அதையடுத்து, ராணுவ வகை உடைகளைப் பொதுமக்கள் அணிய வேண்டாம், கடைகள் விற்க வேண்டாம் என்று ராணுவம் கேட்டுக்கொண்டது. 2022 ஜனவரி 15 ராணுவ தினத்தன்று அறிமுகமான ராணுவச் சண்டைச் சீருடையின் புதிய டிஜிட்டல் டிசைன் விஷயத்தில் இன்னும் கறார். நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்தின் உதவியோடு உருவாக்கி, அதே ஆண்டில் ராணுவத்தின் பெயரில் பதிவும் செய்துவிட்டார்கள். அனுமதி இல்லாதவர் அதைத் தயாரித்தாலோ விற்றாலோ சட்டவிரோதம். மீட்டர் கணக்கில் வெட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள், என்னிடமும் கொண்டுவராதீர்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: பாரதிய நியாய சன்ஹிதா 168ஆம் பிரிவு. தன்னைப் படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற எண்ணத்தோடு அந்த உடையையோ அடையாளத்தையோ அணிந்தால் மூன்று மாதம்வரை சிறை, அல்லது 2000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய சட்டத்தில் 140ஆம் பிரிவாக இருந்தது, அபராதம் 500. எண்ணம்தான் முக்கியம் என்பதால் பள்ளி மாறுவேடப் போட்டிக்கு வரும் குழந்தைகளுக்குப் பயம் வேண்டாம். 2001இல் எனக்கு அந்த எண்ணம் இருந்ததா என்று கேட்டால், பெரியவர் எழுந்து நின்ற அந்த ஒரு நொடி எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க முடியாது.

இன்னொன்று. மண்டபம் இலங்கை அகதிகள் முகாமில் இருந்து ஓர் அம்மா ஜாக்கெட் தைக்க வருவார். ஒருமுறை கடை முகப்பில் காம்பேட் சட்டைகளை வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். அவர் சாலையின் எதிர்ப்பக்கமே நின்றுகொண்டு, என் மனைவியைக் கைகாட்டி அழைத்துத் துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த நிறத்தில் எந்தப் படையைப் பார்த்தார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று மாலை சட்டைகளை உள்ளே எடுத்து மடித்து வைத்தேன். அதன் பிறகு முகப்பில் பாவாடைகள்தான் தொங்குகின்றன.

தேசியக் கொடியைத் துணியில் அச்சடிப்பது

சட்டம் தடுக்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம். வேண்டாம்.

சல்யூட்

கையைக் கீழே விடுங்கள். நேராக நில்லுங்கள்.

வீட்டில் இருக்கும் பதக்கமும் பழைய சட்டையும்

இது நகல் அல்ல, அதனால் வேறு கணக்கு. இறந்த படைவீரரின் பதக்கங்களை அவருடைய நெருங்கிய உறவினர் நினைவு நிகழ்ச்சிகளில் அணியலாம், வலதுபக்க நெஞ்சில். இடதுபக்கம் வாங்கியவருக்கு உரியது. பக்கத்தை மாற்றிக் குத்தினால் பார்ப்பவர்கள் தவறாகப் படித்துவிடுவார்கள்.

அப்பாவின் பழைய சட்டையை மகனுக்கு அளவு குறைக்கக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. மறுப்பதில்லை. கத்தரி வைப்பதற்கு முன் தோள்பட்டையில் உள்ளவை, கைப்பட்டை, பெயர்ப்பட்டை எல்லாவற்றையும் பிரித்து, ஒரு காகிதத்தில் மடித்து அம்மா கையில் கொடுத்துவிடுவேன். தையல் பிரித்த இடத்தில் துணி வெளுக்காமல் பழைய பச்சையாகவே இருக்கும், பெயரின் நீளத்துக்கு. அதை என்ன செய்தாலும் மறைக்க முடியாது, நான் மறைக்க முயல்வதும் இல்லை.

எதையாவது நெஞ்சில் குத்தியே ஆக வேண்டும் என்றால் டிசம்பர் 7 இருக்கிறது. 1949 முதல் படைவீரர் கொடி நாள். சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்று முப்படைக்கும் மூன்று நிறம். நிதி கொடுத்துவிட்டு அந்தச் சின்னக் கொடியை இடது பக்கமே தாராளமாகக் குத்திக்கொள்ளலாம். யாரும் எங்கே பட்டது என்று கேட்க மாட்டார்கள்.

சாயல்குடிப் பையன்களிடம் இதையெல்லாம் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. கடைசியில் நாற்பது வெள்ளைச் சட்டைகள் என்று முடிவாகியிருக்கிறது. பைக்கு மேலே அவர் பெயரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும் பச்சை நூலில், சின்ன எழுத்தில். அவர் பதவியை எப்படிப் போடுவது என்று வீட்டில் கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். ஆயிரம் ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதில் ஒருவன் மட்டும் பைக்கில் ஏறிய பிறகு திரும்பி வந்து, "தொப்பி மட்டும், அண்ணே?" என்று கேட்டான்.