கழிவுத் தேயிலையும் புற்றுநோய்க் கலங்களும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் வளர்ந்து, பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு செய்ய வரும் பிள்ளைகளுக்குத் தொழிற்சாலையில் சலித்து ஒதுக்கும் கழிவுத் தேயிலைமீது தனி ஈடுபாடு உண்டு. அது நியாயமானதே, தண்டும் நாரும் தூசுமான அந்தக் கழிவிலும் கற்றேக்கின்கள், தியாபிளேவின்கள் என்னும் பொலிபீனோல் சேர்வைகள் எஞ்சியிருக்கின்றன. அவற்றைச் சாறாக எடுத்து, தட்டில் வளர்க்கும் புற்றுநோய்க் கலங்களில் இட்டு, அக்கலங்கள் இறக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். ஆனால், எங்கள் காலத்துத் தவறுகளையே ஒவ்வொரு தொகுதியினரும் மீண்டும் செய்கிறார்கள். கண்ணாடிப் பாத்திரத்தைச் சரியாகக் கழுவாதது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கலம் ஏன் இறந்தது என்று கேட்காமலிருப்பது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். தேயிலையின் முதன்மைக் கற்றேக்கினான ஈ.ஜி.சி.ஜி., கலங்களை வளர்க்கும் ஊடகத்தில் இட்டதுமே ஒட்சிசனுடன் தாக்கமுற்று ஐதரசன் பரவொட்சைட்டை உண்டாக்குகிறது. கலங்களைக் கொல்வது பெரும்பாலும் அந்தப் பரவொட்சைட்டே. உயிரிரசாயனவியலாளர் பரி ஹலிவெல்லின் குழுவினர் இதை 2000 ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார்கள். ஆயினும் ஒரு மாணவி, தட்டின் அடியில் ஒட்டியிருந்த கலங்கள் சாற்றை இட்ட மறுநாள் இறந்து உருண்டு மிதப்பதை நுணுக்குக்காட்டியில் காட்டி, ஆய்வேட்டின் முடிவுரையையே எழுதத் தொடங்கியிருந்தார். பரவொட்சைட்டைச் சிதைக்கும் கற்றலேசு நொதியத்தைச் சேர்த்து அதே பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னேன். பெரும்பாலான கலங்கள் உயிரோடு ஒட்டியபடியே இருந்தன. பல மாத உழைப்பும், விலையுயர்ந்த ஊடகமும் சீரமும் வீணாயின. கற்றலேசு சேர்த்த கிணறுகளை (தட்டிலுள்ள சிறு குழிகளை) முதல் நாளிலேயே வைத்திருந்தால் இந்த இழப்பு நேர்ந்திருக்காது.

நிறத்தை நம்புவது

உயிருள்ள கலங்கள் ஊதாவாக மாற்றும் எம்.ரி.ரி. சாயத்தைக் கொண்டே எத்தனை கலங்கள் பிழைத்தன என்று மதிப்பிடுகிறோம். ஆனால், அந்தச் சாயத்தைக் கலமே இல்லாமலும் பொலிபீனோல்கள் ஊதாவாக்கும். கலமற்ற கிணறுகளையும் வையுங்கள்.

செறிவை மறப்பது

தேநீர் அருந்தியவரின் இரத்தத்தில் ஈ.ஜி.சி.ஜி. பொதுவாக 1 மைக்ரோமோலரை எட்டுவதில்லை. தட்டில் 100 மைக்ரோமோலரில் கிடைத்த விளைவைத் தேநீர்க் கோப்பையின் பலனாக எழுதுவது தவறு.

சாதாரண கலங்களை விட்டுவிடுவது

அவற்றையும் சோதிக்காமல், புற்றுநோயை மட்டும் தாக்குகிறது என்று எழுத வேண்டாம்.

நோயாளியிடம் முடிவைக் கொண்டுபோவது

ஆய்வுச் செய்தி தோட்டத் தொழிலாளரின் லயங்களுக்கு விரைவாகப் போய்ச் சேர்கிறது. சிகிச்சை பெறும் தாய்க்குத் தேயிலைச் சாற்றை வற்றக் காய்ச்சிக் கொடுக்கலாமா என்று அங்குள்ளவர்கள் கேட்கிறார்கள். போர்ட்டெசோமிப் என்னும் புற்றுநோய் மருந்தோடு ஈ.ஜி.சி.ஜி. நேரடியாகப் பிணைந்து அதன் செயலைத் தடுப்பதாக 2009 இல் வெளியான ஆய்வு காட்டியது. நாளொன்றுக்கு 800 மில்லிகிராமும் அதற்கு மேலும் ஈ.ஜி.சி.ஜி. கொண்ட குளிசைகள் ஈரலைப் பாதிக்கக்கூடும் என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2018 இல் சுட்டிக்காட்டியது. ஆகவே, அப்படிக் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லி, சிகிச்சையளிக்கும் வைத்தியரிடம் அனுப்புங்கள்.