வாத்தியார் வந்துவிட்டால் மட்டும் போதுமா? தோட்டப்புறப் பள்ளிகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) போய்ச் செம்பனை வந்தது. தொழிலாளர் லயங்கள் காலியாகி, குடும்பங்கள் பட்டணத்துத் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு)க் குடிபோய்விட்டன. தமிழ்ப்பள்ளிகள் சில இன்னும் தோட்டத்திலேயே நிற்கின்றன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. பல தோட்டங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த கங்காணியோ (மேற்பார்வையாளரோ) கிராணியோதான் (எழுத்தர்தான்) அன்றைக்கு வாத்தியார். வகுப்பில் ஓர் ஆள் நின்றால் சரி என்ற அந்தப் பழைய எண்ணம் இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சில ஆண்டுகள் இருந்து நான் பார்த்த தவறுகளை இங்கே எழுதுகிறேன்.

இடம் காலியான பிறகுதான் நாம் விழித்துக்கொள்கிறோம். மாவட்டக் கல்வி இலாகாவுக்கு மனு போகும், தற்காலிக ஆசிரியர் ஒருவர் வருவார், சில மாதத்தில் போவார். எஸ்.பி.எம். என்ற ஐந்தாம் படிவத் தேர்வு முடித்த மாணவர் ஆசிரியர் கல்விக் கழகத்தில் சேர்ந்து, பட்டம் பெற்று, வகுப்பில் கால் வைக்க ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஆகும். ஆகவே நமக்கு வேண்டிய ஆசிரியர் இப்போது ஐந்தாம் படிவத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவர் தேர்வில் தமிழ்மொழிப் பாடத்தை எடுக்கிறாரா என்று யாராவது கேட்டோமா? 'கஷ்டமான பாடம், ஏ கிடைக்காது' என்று அதை விட்டுவிடும் பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி ஆசிரியராகும் வழி அங்கேயே அடைபட்டுவிடுகிறது. பெற்றோர் பலருக்கு இது காலம் கடந்துதான் தெரிகிறது.

என்னை அதிகம் வருத்துவது அடுத்த தவறு. புதிதாக வருபவரின் தலையில்தான் ஆகக் கடினமான வேலையைக் கட்டுகிறோம். 150 பிள்ளைகளுக்குக் குறைந்த பள்ளியில் ஆசிரியர்களும் குறைவு. சில இடங்களில் வெவ்வேறு ஆண்டில் படிக்கும் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் 'கெலாஸ் சந்தும்' என்ற இணைப்பு வகுப்பும் உண்டு. பழகியவர்களே திணறும் வகுப்பு அது. அதோடு விளையாட்டுச் செயலாளர், நூலகப் பொறுப்பு, கணினியில் மதிப்பெண் ஏற்றும் வேலை எல்லாம் 'இளம் ஆள்தானே' என்று அவர் மேசைக்கே போகும். ஒரு டீச்சர் வெண்பலகையின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் இரண்டாம் ஆண்டுக்கும் வலப்பக்கம் மூன்றாம் ஆண்டுக்கும் மாறி மாறி எழுதியதைப் பார்த்தேன். ஒரு பக்கத்துப் பிள்ளைகளிடம் பேசும்போது மறுபக்கம் சத்தம். மதியத்துக்குள் தொண்டை கட்டிவிட்டது. அந்த ஆண்டே அவர் இடமாற்றம் கேட்டார்.

வேறொரு பள்ளியில் ஒரு மூத்த ஆசிரியர் வாரம் ஒருநாள் புது ஆசிரியரின் வகுப்பில் கடைசி நாற்காலியில் உட்காருவார். கையில் வகுப்பின் இருக்கைப் படம். டீச்சர் யாரைக் கேள்வி கேட்டாலும் அந்தப் பெயருக்கு நேரே ஒரு கோடு. மணி அடித்ததும் தாளைக் காட்டி, "முன்வரிசை மூன்று பேருக்கும் கோடு நிறைய இருக்கும்மா, சன்னல் பக்கத்துப் பையனுக்கு ஒன்றுகூட இல்லை, பாரேன்" என்றார். அதட்டல் இல்லை, அறிக்கையும் இல்லை. மறுநாள் முதல் கேள்வி சன்னல் பக்கம் போனது.

அமெரிக்காவில், தடுமாறும் நகர்ப்புறப் பள்ளிகளுக்கென்று பாஸ்டன் நகரம் 2003இல் தொடங்கிய திட்டத்திலும் இதே வழிதான். பயிற்சி ஆசிரியர் ஒரு முழுப் பள்ளியாண்டு அனுபவசாலியின் வகுப்பிலேயே கூட இருந்து தொழில் கற்கிறார். அப்புறம் அந்நகரப் பள்ளிகளில் 3 ஆண்டுகள் பணியாற்ற ஒப்புக்கொள்கிறார். நாமோ ஹோட்டல் மண்டபத்தில் ஒருநாள் பட்டறை, மதியச் சாப்பாடு, சான்றிதழ் என்று முடித்துக்கொள்கிறோம். 2013 முதல் 2025 வரைக்குமான தேசியக் கல்விப் பெருந்திட்டத்தில், வகுப்புக்கே வந்து ஆசிரியருக்குக் கைகொடுக்க வழிகாட்டி அதிகாரிகளை மாவட்ட இலாகாக்களில் அமர்த்தினார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அதிகாரி வருகிறார் என்றதும் சுவரில் புது அட்டை ஒட்டி, கெட்டிக்காரப் பிள்ளைகளை முன்னால் உட்கார வைத்தால் அவர் எதைப் பார்த்து உதவுவார்? தடுமாறும் பாடத்தைத்தான் அவரிடம் காட்ட வேண்டும்.

பெற்றோர் செய்யும் தவறும் உண்டு. புது ஆசிரியர் வந்த முதல் மாதமே 'பழைய டீச்சர் மாதிரி வராது' என்று வாட்ஸ்அப் குழுவில் எழுதுவது அவரை உடைத்துவிடும். குறை இருந்தால் தலைமையாசிரியரிடம் நேரில் சொல்லுங்கள்.

இன்னொன்று வீடு. தெற்கே ஜோகூர் மாநிலத்திலிருந்து தனியாக வரும் 24 வயதுப் பெண், தோட்டத்துப் பக்கம் எங்கே தங்குவார்? எங்கள் சங்கத்தில் ஓர் அம்மா தம் வீட்டு மேல்மாடி அறையைக் கொடுத்தார். "வாடகையை அப்புறம் பார்த்துக்கலாம், முதலில் சாப்பிடு தாயி" என்றாராம். அந்த டீச்சர் வந்து 6 வருஷம் ஆகிறது, இன்னும் எங்கள் பள்ளியில்தான் இருக்கிறார்.