சிறிய உள்ளரங்குக் கால்பந்து அணியின் வரலாற்றை எழுதுவது எப்படி?

அமெரிக்காவின் நடுத்தர நகரங்களில், ஐஸ் ஹாக்கிக்காகக் கட்டப்பட்ட அரங்குகளில் செயற்கைப் புல்தரையை விரித்து ஆடப்படும் உள்ளரங்குக் கால்பந்தில் (பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்தின் உள்ளரங்கு வடிவம் இது), சில பருவங்கள் மட்டும் ஆடிவிட்டு மறைந்துபோன தொழில்முறை அணிகள் ஏராளம். அவற்றுள் ஒன்றின் வரலாற்றை எழுத முனைபவர், அது தொடங்கிய ஆண்டைத் தேடுவதற்கு முன்பே, எதை ஒரே அணி என்று கொள்வது என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். அதில் தெளிவில்லாமல் எழுதப்பட்ட வரலாறுகளில் இரண்டு மூன்று அணிகளின் கோப்பைகள் ஒரே அலமாரியில் சேர்ந்துவிடுகின்றன.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் அவுட்லாஸ் நல்ல சான்று. 2009, 2010 ஆகிய இரு ஆண்டுகளிலும் இன்டோர் ஃபுட்பால் லீக்கின் வாகையர் பட்டத்தை வென்ற அந்த அணி, 2010 ஜூன் மாதத்தில் சுழற்காற்று அதன் சொந்த அரங்கைச் சிதைத்ததைத் தொடர்ந்து, அந்தப் பருவத்தோடு கலைந்தது. அதே பெயரில் 2022இல் களமிறங்கி, 2024இல் அரீனா ஃபுட்பால் லீக்கின் பட்டத்தை வென்றது வேறோர் அணி. இதற்கு நேர்மாறானது அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸின் கதை. பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தின் உச்சப் போட்டியான சூப்பர் பவுலை வென்ற கர்ட் வார்னர் ஆடிய அந்த அணி, 2001இல் நியூயார்க் பகுதிக்கு இடம்பெயர்ந்து டிராகன்ஸ் என்ற புதுப் பெயரில் தொடர்ந்தது. 2008இல் அயோவாவின் டி மோய்ன் நகரில் பழைய பெயரோடு ஆடத் தொடங்கியதோ புதிய அணி. அணி என்பது உரிமையின் தொடர்ச்சி என்று கொண்டால் வார்னரின் சாதனைகள் டிராகன்ஸ் அணியின் கணக்கில் சேரும். ஊரும் ரசிகர்களும்தாம் அணி என்று கொண்டால் அவை அயோவாவிலேயே தங்கும். இரண்டில் எதைத் தேர்ந்தாலும், அதை முன்னுரையிலேயே சொல்லிவிட்டுக் கடைசிவரை மாறாமல் கடைப்பிடிக்க வேண்டும்.

அடுத்தது லீக்குகளின் வரிசை. 1981இல் உள்ளரங்கு சாக்கர் (நாம் கால்பந்து என்றழைக்கும் விளையாட்டு) ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஜிம் ஃபாஸ்டர், கையிலிருந்த காகித உறையின் மேல் வரைந்த வரைபடத்திலிருந்து பிறந்த அரீனா ஃபுட்பால் லீக், 1987இல் நான்கே அணிகளோடு தொடங்கியது. 50 கெஜ நீளமும் 85 அடி அகலமும் கொண்ட களத்தில், கோல் கம்பங்களின் இரு பக்கமும் தொங்கும் வலையில் பட்டுத் திரும்பும் பந்தை விடாமல் ஆடுவது அதன் தனி அடையாளம். அந்த அமைப்புக்கு 1990இல் காப்புரிமை கிடைத்ததால், பிறகு தோன்றிய போட்டி லீக்குகள் வலையில்லாமல் ஆட வேண்டியிருந்தது. ஆகவே ஒரு பழைய புகைப்படத்தில் வலை தெரிகிறதா என்று பார்ப்பது, அது எந்த லீக்கின் ஆட்டம் என்பதைக் கணிக்க உதவும் எளிய வழி.

சிறிய அணிகள் லீக் மாறிக்கொண்டே இருக்கும். நெப்ராஸ்காவின் ஓமாஹா பீஃப் 2000இல் இன்டோர் ஃபுட்பால் லீக்கில் தொடங்கியது. 2001இல் நேஷனல் இன்டோர் ஃபுட்பால் லீக்குக்கும், 2005இல் யுனைடெட் இன்டோர் ஃபுட்பாலுக்கும் சென்று, 2009இல் மீண்டும் இன்டோர் ஃபுட்பால் லீக் என்ற பெயருள்ள அமைப்பில் ஆடியது. பெயர் ஒன்றாயினும் 2000இல் இருந்த லீக்கும் 2009இல் இருந்த லீக்கும் வெவ்வேறானவை. பின்னது, யுனைடெட் இன்டோர் ஃபுட்பாலும் இன்டென்ஸ் ஃபுட்பால் லீக்கும் இணைந்து உருவானது. இவ்வளவையும் நினைவில் வைத்து எழுத யாராலும் முடியாது. பருவத்துக்கு ஒரு வரி என்ற கணக்கில் லீக், அரங்கு, உரிமையாளர், பயிற்சியாளர், வெற்றி தோல்விகள் ஆகியவற்றை அட்டவணையாக்கி, ஒவ்வொரு கட்டத்தையும் எந்த ஆவணத்தைப் பார்த்து நிரப்பினோம் என்பதையும் அருகிலேயே குறித்துக்கொள்ள வேண்டும்.

ஆவணங்களில் முதலிடம் உள்ளூர் நாளிதழுக்கே. ஆட்டம் நடந்த மறுநாள் வெளியான செய்தி, பத்து ஆண்டுகள் கழித்து எழுதப்பட்ட எந்தச் சுருக்கத்தையும்விட நம்பகமானது. லீக்குகளின் சொந்தப் பதிவுகள் பெரும்பாலும் அந்த லீக்குகளோடு சேர்ந்தே அழிந்துவிடுகின்றன. விளையாட்டுப் பக்கங்களோடு நின்றுவிடாமல் நகர நிர்வாகச் செய்திகளையும் படிக்க வேண்டும். அரங்கு பெரும்பாலும் நகரத்துக்கோ மாவட்டத்துக்கோ சொந்தமானது என்பதால், வாடகை பாக்கியும் குத்தகைப் பேச்சுகளும் மன்றக் கூட்டக் குறிப்புகளில் இடம்பெறுகின்றன. மாநில அரசின் நிறுவனப் பதிவேடு உரிமை கைமாறிய காலத்தைக் காட்டும். திவால் வழக்கு இருந்தால் நீதிமன்றக் கோப்பில் கடன்காரர்களின் பட்டியலே கிடைக்கும். என்னைக் கேட்டால், அணியின் உண்மையான நிலைமையைப் பயிற்சியாளரின் பேட்டியைவிட வாடகை பாக்கிதான் தெளிவாகச் சொல்கிறது.

புள்ளிக் கணக்கைச் சரிபார்க்கும்போது அந்தந்த லீக்கின் விதிகளைக் கையில் வைத்திருப்பது அவசியம். அரீனா ஃபுட்பாலில் பந்தைத் தரையில் விழவிட்டு எழும்போது உதைத்து, கோல் கம்பங்களுக்கு இடையே அடிக்கும் கள கோலுக்கு வழக்கமான 3 அல்ல, 4 புள்ளிகள். டச் டவுனுக்குப் (பந்தை எதிரணியின் கடைசி எல்லைப் பகுதிக்குள் கொண்டுசேர்ப்பது) பிந்தைய உதையை அவ்வாறு அடித்தால் வழக்கமான 1 அல்ல, 2 புள்ளிகள். இதை அறியாதவர், சரியாக அச்சான கணக்கையே அச்சுப் பிழை என்று திருத்திவிடக்கூடும். எதிரணி வராததால் வழங்கப்பட்ட வெற்றிகளைத் தனியாகக் குறிப்பது நல்லது. பார்வையாளர் எண்ணிக்கையை ‘அறிவிக்கப்பட்டது’ என்ற அடைமொழியோடு மட்டுமே தர வேண்டும்; இலவச அனுமதிச் சீட்டுகளும் அதில் சேர்ந்திருக்கலாம்.

அணி எப்போது முடிந்தது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரே தேதி விடையாவதில்லை. அரீனா ஃபுட்பால் லீக்கையே எடுத்துக்கொண்டால், கடைசி ஆட்டம் 2008 ஜூலையில் நடந்தது; 2009ஆம் ஆண்டுப் பருவம் இல்லை என்ற முடிவு 2008 டிசம்பரில் வந்தது; காலவரையின்றி நிறுத்தம் 2009 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது; அதற்குப் பிறகும் 2010இல் அதே பெயரில் ஆட்டங்கள் தொடங்கின. சிறிய அணிகளில் இந்த இடைவெளிகள் இன்னும் குழப்பமானவை, ஏனெனில் ‘ஓராண்டு ஓய்வு’ என்று அறிவித்துவிட்டுத் திரும்பாதவை பல. ஆகவே கடைசி ஆட்டத்தின் தேதி, கலைப்பு அறிவிக்கப்பட்ட தேதி, நிறுவனப் பதிவு ரத்தான தேதி ஆகியவற்றைத் தனித்தனியே தந்து, வரலாற்றின் தலைப்பில் இடம்பெறும் ஆண்டுக்குக் கடைசி ஆட்டத்தை மட்டும் அடிப்படையாகக் கொள்ளலாம்.