குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துகிறதா? முதலில் பல்பைப் பாருங்கள்

புரூடருக்குள், அதாவது பல்பு போட்டுக் குஞ்சுகளைச் சூட்டில் வளர்க்கும் அடைப்புக்குள், ஒரு குஞ்சின் வாலடியில் துளி ரத்தம் தெரிந்தால், சாயங்காலத்துக்குள் மற்ற குஞ்சுகள் அதைக் கொத்தியே கொன்றுவிடக்கூடும். ரத்தச் சிவப்பைக் கண்டால் குஞ்சு விடாது. அதற்காகக் குஞ்சு வாங்கிய இடத்தைத் திட்டிப் பயனில்லை. சூடு, இடம், தீவனம் இவற்றில் ஏதோ ஒன்று பெரும்பாலும் நம் பக்கம்தான் பிசகியிருக்கும். கீழே உள்ள கணக்கு 50 நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கானது.

முதலில், அடிபட்ட குஞ்சை வெளியே எடுங்கள்

ஓர் அட்டைப்பெட்டியில் உமி பரப்பி, தனி பல்பு போட்டு அதில் விடுங்கள். காயத்தை வெதுவெதுப்பான நீரில் துடைத்து, வேப்பெண்ணெயில் மஞ்சள்பொடி குழைத்துத் தடவுங்கள். வேப்பெண்ணெயின் கசப்பும் நாற்றமும் மற்ற குஞ்சுகளைத் தள்ளி நிறுத்தும். சிவப்பு நிற மருந்து எதுவும் வேண்டாம், அதையும் ரத்தம் என்று நினைத்துக் கொத்தும்.

எங்கே கொத்தியிருக்கிறது?

முதல் நான்கு நாளில் கால்விரலைக் கொத்தினால், பல குஞ்சுகளுக்குத் தீவனம் இருக்கும் இடமே தெரியவில்லை என்று பொருள். அட்டைத்தாளில் தீவனத்தைத் தூவிவிட்டால் பெரும்பாலும் அன்றைக்கே நின்றுவிடும். வழவழப்பான செய்தித்தாள் விரித்தால் கால் வழுக்கி விரியும், சொரசொரப்பான அட்டைதான் நல்லது.

இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை வாலடியையும் இறக்கையையும் கவனியுங்கள். அப்போது முளைக்கும் இறகின் குருத்துக்குள் ரத்தம் ஓடும். ஒரு குருத்து ஒடிந்தால் போதும், அங்கேதான் ஆரம்பம். இடநெருக்கடியும் புரதக் குறைவும் இங்கே முதல் சந்தேகம்.

ஆசனவாயைக் கொத்தினால், அங்கே எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று குஞ்சைத் திருப்பிப் பாருங்கள். இழுத்துப் பிய்க்கக் கூடாது. வெந்நீரில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்கள்.

சூடு

நம் குமரி மாவட்டத்தில் நடக்கும் பெரிய தவறு இதுதான். பகலில் 32, 33 டிகிரி வெயில் அடிக்கும்போதும் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். தகரக்கூரை என்றால் கேட்கவே வேண்டாம். புழுங்கும் குஞ்சு எரிச்சலில் பக்கத்துக் குஞ்சைக் கொத்தும்.

தெர்மாமீட்டரைக் குஞ்சின் முதுகு உயரத்தில், தரையிலிருந்து இரண்டு அங்குலத்தில் வையுங்கள். முதல் வாரம் 35 டிகிரி, பிறகு வாரம் 3 டிகிரி குறைய வேண்டும். 60 வாட் குண்டு பல்பு இரண்டு, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் போதும். ஒன்று பியூஸ் போனாலும் மற்றொன்று எரியும். எல்.இ.டி.யில் சூடு வராது. சிவப்பு பல்பு கிடைத்தால் நல்லது, ரத்தம் குஞ்சின் கண்ணுக்குத் தெரியாது. இரண்டாம் வாரத்தில் வெயில் நாளானால் பகலில் பல்பை அணைத்துவிடலாம். ஆனி, ஆடி மழை இரவில் கட்டாயம் வேண்டும்.

தெர்மாமீட்டர் இல்லையா? பல்புக்கு அடியில் மொத்தமாக அடைந்துகொண்டால் குளிர். ஓரத்தில் ஒதுங்கி, வாய் பிளந்து, இறக்கையைத் தாழ்த்தினால் சூடு அதிகம். அங்கங்கே பரவிப் படுத்திருந்தால் சரி.

இடம்

முதல் இரண்டு வாரம் குஞ்சுக்கு அரை சதுர அடி, பிறகு நாலாம் வாரம் வரை ஒரு சதுர அடி. 25 அடி நீளம், ஒன்றரை அடி உயரத் தகரம் ஒன்று வாங்குங்கள். முதலில் இரு முனையும் 7 அடிக்கு ஒன்றன்மேல் ஒன்று படியும்படி சுருட்டி, கிளிப் போட்டு 18 அடிச் சுற்றளவுக்கு வட்டமாகக் கட்டினால் ஏறத்தாழ 26 சதுர அடி கிடைக்கும். மூன்றாம் வாரம் கிளிப்பைக் கழற்றி முழுசாக விரித்தால் 50 சதுர அடி. சதுரமாகக் கட்டாதீர்கள், குளிரில் மூலையில் குவிந்து நசுங்கிச் சாகும்.

இரண்டடித் தீவனத்தட்டு இரண்டும், தண்ணீர்க் குப்பி இரண்டும் எதிரெதிரே வையுங்கள். மூன்றாம் வாரம் தட்டு மூன்றாக வேண்டும். தட்டு ஒன்றே ஒன்று என்றால் பலசாலிக் குஞ்சு அதைக் காவல் காக்கும், இளைத்தது அடிவாங்கும்.

அடியில் இரண்டு அங்குலம் உமி. குலசேகரம், திருவட்டாறு பக்கம் மழைக்குப் பயந்து தார்ப்பாயால் நாலு பக்கமும் மூடிவிடுவார்கள். மேலே ஓர் அடி திறந்திருக்கட்டும். குனிந்து குஞ்சு உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள்; கண் எரிந்தால் ஈர உமியை அன்றே மாற்ற வேண்டும்.

தீவனம்

குஞ்சுத் தீவனத்தில் புரதம் 20 சதவீதமாவது வேண்டும். நொய்யில் ஏறக்குறைய 8 சதவீதம்தான். தேங்காய்ப் புண்ணாக்கைச் சேர்த்தால் புரதக் கணக்கு கூடும், ஆனால் இறகு வளரத் தேவையான மெத்தியோனின் என்ற புரதச்சத்து அதில் குறைவு. அதனால்தான் வீட்டுக் கலவை தின்னும் குஞ்சு அடுத்ததன் இறகைப் பிடுங்கித் தின்கிறது. குளச்சலிலோ முட்டத்திலோ மலிவாகக் கிடைக்கிறதே என்று உப்புக் கருவாட்டை இடித்துப் போடாதீர்கள். அந்த அளவு உப்பு குஞ்சைக் கொல்லும். நாலு வாரம் வரை கடைத் தீவனமே கொடுத்துவிடுவது மேல்.

பத்து நாளுக்குப் பிறகு ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கட்டி, குஞ்சின் அலகு உயரத்தில் தொங்கவிடுங்கள். தரையில் போட்டால் மிதித்துக் கெடுக்கும். தொங்கினால் எட்டி எட்டிப் பறிக்கும், பொழுது அதிலேயே போகும்.

கொத்துவது யார்?

பெரும்பாலும் ஒன்றிரண்டு குஞ்சுகள்தான். பதினைந்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் தெரிந்துவிடும். அவற்றை இரண்டு மூன்று நாள் தனியே வையுங்கள். 50 குஞ்சுக்கு அலகு வெட்டும் வேலை வேண்டாம். காரணம் அப்படியே இருந்தால் வெட்டியும் பயனில்லை.

காயம் ஆறிய குஞ்சை இருட்டிய பிறகு, முடிந்தால் இரண்டு குஞ்சுகளாகச் சேர்த்து உள்ளே விடுங்கள். காலை வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். காயமே இல்லாமல் பின்புறம் சிவந்து, உமியிலும் ரத்தம் கலந்த எச்சம் கிடந்தால் அது கொத்தல் அல்ல, ரத்தக்கழிச்சல் நோயாக இருக்கலாம். அந்த எச்சத்தை ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள்.